'இலவசம்தானே சார்': முதியோர் குடியிருப்பில் நான்கரை ஆண்டு

போன வாரம் சென்னையிலிருந்து பழைய அலுவலக நண்பன் கூப்பிட்டான். எங்கள் குடியிருப்பில் ஒரு வீடு விலை குறைந்து விற்பனைக்கு வந்திருப்பது எப்படியோ அவன் காதுக்கு எட்டியிருக்கிறது. "தினமும் இலவசக் கலை நிகழ்ச்சி, வகுப்பு என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்களே, நிஜமா?" என்று கேட்டான்.

நிஜம்தான். கோயம்புத்தூரைச் சுற்றி இப்படிக் குடியிருப்புகள் நிறைய. சாப்பாடு, ஆம்புலன்ஸ், சாய்தளம் பற்றியெல்லாம் அவனே விசாரித்துவிட்டான். நிகழ்ச்சிகளிலும் குறைவில்லை. மார்கழியில் விடிவதற்கு முன் நாளுக்கொன்றாகத் திருப்பாவை. தியாகராஜ ஆராதனையன்று பஞ்சரத்ன கிருதிகள் ஐந்தையும் நாங்களே பாடுகிறோம். முதல் கிருதியின் நாட்டை ராகத்தில் நிறைந்திருக்கும் கூட்டம், கடைசி ஸ்ரீராகம் வருவதற்குள் பாதி காபிக்குப் போயிருக்கும். அது வேறு விஷயம்.

என் எரிச்சல் நிகழ்ச்சி அரங்கின் மைக். பளபளக்கும் டைல்ஸ் தரை, மூன்று பக்கமும் கண்ணாடி, மேலே உயரமான கூரை. பேச்சாளர் வாய் திறந்தால் ஒவ்வொரு சொல்லும் சுவரில் மோதித் திரும்பி வந்து அடுத்த சொல்லின் மேல் ஏறிக்கொள்கிறது. வயதானால் காது முதலில் இழப்பது உயர்ந்த சுருதி ஒலிகளைத்தான். ஸ, ஷ, ச எல்லாம் மங்கிவிடும். சத்தத்தைக் கூட்டினால் உயிரெழுத்துகள் முழங்கும், மெய்யெழுத்துகள் வராது. காதுக்கருவி மாட்டியவர்கள் பாடு இன்னும் மோசம். எதிரொலியையும் சேர்த்தல்லவா அது பெருக்கிக் கொடுக்கிறது!

திரைச்சீலை போடுங்கள் என்றேன். அரங்கைச் சுற்றிக் கம்பி வளையம் ஓட்டி, மைக்கில் பேசுவதைக் காதுக்கருவிக்குள் இருக்கும் டெலிகாயில் என்ற சிறு கம்பிச் சுருளுக்கு நேரே அனுப்பும் ஏற்பாடு உண்டு, அதையாவது பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். மேலாளர் நல்ல மனிதர். நள்ளிரவில் என் மனைவிக்கு மூச்சுத் திணறியபோது ஆம்புலன்ஸில் கூடவே வந்தவர். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இலவசம்தானே சார்."

மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறேன், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் கட்டுகிறேன். இதில் எது இலவசம்? இந்தச் சொல்லைக் கேட்டாலே இப்போது எனக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது.

இவ்வளவு திட்டிவிட்டுப் புதன்கிழமையைச் சொல்லாமல் விட்டால் பாவம். தொல்லியல் துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இங்கே குடியிருக்கிறார். புதன் மாலை நான்கு மணிக்கு நூலக மேஜையில் கல்வெட்டு வாசிக்கச் சொல்லித் தருகிறார். ஒன்பது பேர். மைக் கிடையாது. பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. 'கா'வில் வரும் துணைக்காலும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும். எது எது என்று நாம்தான் ஊகிக்க வேண்டும். அரங்கில் நான்கரை ஆண்டு பயிற்சி பெற்றவர்களுக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா?

இராசராசனின் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியின் மைப்படியில், அதாவது கல்லிலிருந்து தாளில் ஒற்றியெடுத்த நகலில், 'திருமகள் போல' என்ற இரண்டு சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்க எனக்கு இருபது நிமிடம் ஆயிற்று. பக்கத்திலிருந்த எண்பத்தொரு வயது அம்மாள் கை தட்டினார்.

மைப்படி எடுப்பதையும் ஆசிரியர் செய்து காட்டினார். கல்லுக்கு எங்கே போவது? வாசலில் இருக்கும் திறப்பு விழாக் கல்தான் கிடைத்தது. கழுவி, ஈரத்தாளை ஒட்டி, எழுத்துப் பள்ளங்களில் தாள் இறங்கும்வரை தூரிகையால் தட்டினோம். அரை ஈரத்தில் மை ஒற்றினோம். கறுப்புத் தாளில் உரிமையாளர் பெயர் வெள்ளை வெளேரென்று எழுந்து வந்தது. மேலாளர் ஓடி வந்தார். "இலவசம்தானே சார்" என்றேன்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் வாங்கலாம் என்கிறாயா?" என்றான் நண்பன். நிகழ்ச்சிகளை நம்பி வாங்காதே, ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்கூடத் தர மாட்டேன் என்றேன். இன்னமும் அதையேதான் சொல்கிறேன்.

நூலக மேஜையைச் சுற்றி ஒன்பது நாற்காலிதான் போட முடியும். பத்தாவதை இடுக்கிப் போட ஆசிரியரிடம் பேசி வைத்திருக்கிறேன்.