செங்கல் துண்டின் வயதைச் சொல்வது எது: அளவா, கரியா, ஒளிர்வா?

அகழாய்வுக் குழிகளில் மிகுதியாகக் கிடைப்பவற்றுள் செங்கல் துண்டுகளும் உண்டு. அவற்றைக் கவனிப்பவர்களோ மிகச் சிலர். பானையோட்டுக்கு விளிம்பும் வண்ணமும் கீறலும் இருப்பதால், பழகிய கண் ஏறக்குறைய ஒரு காலத்தைச் சொல்லிவிடும். செங்கல் துண்டுக்கு அப்படி முகம் எதுவும் இல்லை. எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொண்டு அதை ஓரமாகக் குவித்துவிடுவது பெரிய இழப்பு. சூளையில் வெந்த நாளின் தடயத்தைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் பொருள் அது. அந்தத் தடயத்தைப் படிக்கும் வழிகளில் எதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று பார்ப்போம்.

செலவே இல்லாத வழி, அளவெடுப்பது. சிந்துவெளி நகரங்களின் செங்கற்கள் தடிமன், அகலம், நீளத்தில் 1:2:4 என்ற விகிதத்தைப் பெரும்பாலும் பின்பற்றின. இலங்கையில் பணியாற்றிய நீர்ப்பாசனப் பொறியாளர் ஹென்றி பார்க்கர், பழைய தாதுகோபங்களின் (பௌத்தத் தூபிகளின்) செங்கல் அளவுகளைக் கொண்டே அவற்றைக் கால வரிசைப்படுத்த முயன்றார். நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு சாளுவன்குப்பம். 2004 சுனாமிக்குப் பின் மாமல்லபுரத்துக்கு அருகே இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது, பல்லவர் காலக் கருங்கல் கட்டுமானத்துக்கு அடியில் செங்கல்லால் ஆன முருகன் கோயில் வெளிப்பட்டது. அதைச் சங்க காலத்தது என்று கூறியவர்கள் முன்வைத்த முக்கியச் சான்றுகளில் ஒன்று, செங்கற்களின் பெரிய அளவு.

இந்த வழியின் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. பெரிய செங்கல் பல நூற்றாண்டுகள் புழக்கத்தில் இருந்திருக்கலாம். பழைய சுவரைப் பெயர்த்துப் புதுச்சுவர் எழுப்பியிருக்கலாம். இங்கிலாந்தின் பிரிக்ஸ்வொர்த் தேவாலயத்தைக் கட்டியவர்கள் ரோமானியருக்குப் பின் வந்த சாக்சன்கள்; அதன் வளைவுகளில் இருப்பதோ ரோமானியச் செங்கல். அளவை மட்டும் நம்புகிறவர் அந்தக் கட்டடத்தைப் பல நூற்றாண்டுகள் முந்தியதாக்கிவிடுவார். உடைந்த துண்டென்றால் நீளமும் அகலமும் போய், பெரும்பாலும் தடிமன் மட்டுமே மிஞ்சும். ஆகவே அளவு, சந்தேகத்தை எழுப்பவும் துண்டுகளை வகை பிரிக்கவும் போதும். தீர்ப்புச் சொல்லப் போதாது.

அடுத்தது கரிமம்-14: மரம், விதை போன்ற உயிர்ப்பொருள் இறந்த பின் அதிலுள்ள கதிரியக்கக் கரிமம் எவ்வளவு குறைந்தது என்று அளந்து வயது சொல்லும் முறை. பத்திரிகைகளில் அதிகம் அடிபடுவது இதுதான். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் கி.மு. 580 என்று கணிக்கப்பட்டது. அது அந்தக் கரியின் காலம். அது கிடந்த மண்ணடுக்குக்கு அதைப் பொருத்துவது நியாயம். வேறொரு ஆழத்தில் நிற்கும் செங்கல் சுவருக்கு அந்த எண்ணை அப்படியே ஒட்டுவது நியாயமில்லை. மேடைப்பேச்சில் இந்த இரண்டும் கலந்துவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. அந்தத் தளத்தின் பெருமைக்கு இந்த மிகை தேவையே இல்லை.

இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதிர்ந்த மரத்தின் நடுக்கட்டையை எரித்திருந்தால், கரி காட்டும் வயது நெருப்பு மூட்டிய நாளைவிடக் கூடுதலாக இருக்கும். மேலும் ஏறத்தாழ கி.மு. 800 முதல் 400 வரையிலான காலத்தில் கரிமத் திருத்த வளைகோடு (கரிம அளவை நாட்காட்டி ஆண்டாக மாற்ற உதவும் கோடு) தட்டையாகக் கிடக்கிறது; எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் விடை சில நூற்றாண்டுகளுக்கு விரிந்துவிடும். தமிழகத் தொடக்க வரலாற்றுக்கு மிக வேண்டிய காலமே அதில்தான் சிக்கியிருக்கிறது. ஒரு நல்வாய்ப்பும் உண்டு: களிமண்ணில் கலந்த உமி செங்கல்லுக்குள் கருகி நின்றிருந்தால் அதையே சோதிக்கலாம். உமி ஓராண்டுப் பயிர் என்பதால் முதிர்ந்த மரத்தின் தொல்லை இல்லை.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது, ஒளிர்வு முறை. மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சு, குவார்ட்ஸ் மணிகளில் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஆற்றலைச் சேமிக்கிறது. சூளை வெப்பம் பழைய சேமிப்பைத் துடைத்துவிடுவதால் கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்குகிறது. ஆய்வகத்தில் சூடாக்கினாலோ ஒளி பாய்ச்சினாலோ அந்த ஆற்றல் ஒளியாக வெளிப்படும். மொத்தச் சேமிப்பை ஆண்டுச் சேமிப்பால் வகுத்தால் வயது. பக்கத்தில் கிடந்த கரியைக் கேட்க வேண்டியதில்லை, செங்கல்லே பேசுகிறது.

பிழை வழக்கமாக 5 முதல் 10 விழுக்காடு வரை இருக்கும். 2,500 ஆண்டுப் பழைய செங்கல்லுக்கு அது 125 முதல் 250 ஆண்டு. 500 ஆண்டுப் பழையதற்கு 25 முதல் 50 மட்டுமே. நாயக்கர் காலக் கோட்டைச் சுவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் மட்டும் கவனம் வேண்டும்: மண்ணின் ஈரம் கதிர்வீச்சின் ஒரு பகுதியை விழுங்கிவிடும், கடந்த காலத்தில் அந்த ஈரம் எவ்வளவு என்பதை மதிப்பிடத்தான் வேண்டியிருக்கும்.

புதிதாக வந்த ஒரு முறையையும் சொல்ல வேண்டும். சுட்ட களிமண் காற்றின் ஈரத்தை மிக மெதுவாக ஏற்று எடை கூடுகிறது. அந்த எடையிலிருந்து வயதைக் கணிக்கலாம் என்று 2009இல் மான்செஸ்டர், எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். இங்கிலாந்தின் கேன்டர்பரியிலிருந்து எடுத்த இடைக்காலச் செங்கல் திரும்பத் திரும்ப 66 ஆண்டு வயதையே காட்டியது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 குண்டுவீச்சில் எழுந்த தீ அதை மீண்டும் சுட்டு, கணக்கை அழித்திருந்தது. தீப்பட்ட ஊரின் செங்கல்லுக்கு ஒளிர்வு முறையிலும் இதே ஆபத்து உண்டு. எடை முறை எல்லாக் களிமண்ணிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை; இன்றைக்கு இதை மட்டும் நம்பி யாரும் காலம் சொல்லக் கூடாது.

ஒரே துண்டுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ஒளிர்வு முறைக்கே கொடுப்பேன். இரண்டுக்கு இருந்தால், அதே அடுக்கின் உமி அல்லது விதைக் கரியையும் சேர்ப்பேன். புத்தர் பிறந்த இடமாகக் கருதப்படும் நேபாளத்தின் லும்பினியில் அசோகர் காலச் செங்கல் கட்டுமானத்துக்கும் கீழே இருந்த மரக் கட்டமைப்பைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்று சொல்ல, கரியையும் மண்ணின் ஒளிர்வையும் இப்படித்தான் இணைத்தார்கள். அதற்காகக் களத்தில் செய்ய வேண்டியது சிறிது: ஓரளவு தடிமனான துண்டை எடுங்கள், கழுவாதீர்கள், வெயிலில் உலர்த்தாதீர்கள், ஈரம் போகாதபடி கட்டிவையுங்கள், அதைச் சுற்றியிருந்த மண்ணிலும் ஒரு பை நிறைய எடுத்து ஒரே எண்ணிட்டு அனுப்புங்கள்.