நிவாரணக் கணக்கெடுப்புக்குக் கோபோ டூல்பாக்ஸ்

சிக்னலே இல்லாத முகாமில் குடும்பக் கணக்கெடுப்பு நடத்த, கோபோ டூல்பாக்ஸ் என்ற தரவு சேகரிப்பு மென்பொருளைத் தாராளமாக நம்பலாம். படிவத்தை எக்செலிலேயே எழுதலாம்: 'சர்வே' தாளில் கேள்விகள், 'சாய்சஸ்' தாளில் விடைகள். அதன் போன் செயலியான கோபோகலெக்ட் படிவத்தை ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும். நெட் கிடைக்கும்வரை பதில்களைப் போனிலேயே வைத்திருக்கும். ஆபத்தும் அங்கேதான். அனுப்பாத படிவங்கள் இருக்கும்போது செயலியை நீக்கினால் அத்தனையும் போய்விடும். தினமும் மாலையில், சர்வருக்கு வந்த எண்ணிக்கையைக் களப்பணியாளரின் குறிப்பேட்டோடு ஒப்பிட்டே ஆகவேண்டும்.

பெரும்பாலான குளறுபடி, படிவத்தை நடுவில் மாற்றுவதால் வருகிறது. கேள்வியின் வாசகத்தைத் திருத்தலாம். ஆனால் கேள்வியின் உள்பெயர் இருக்கும் 'நேம்' பத்தியைத் தொட்டால் ஒரே கேள்வியின் பதில்கள் இரண்டு பத்திகளாகப் பிரிந்துவிடும். பல விடைத் தேர்வில் விடைக் குறியீட்டுக்குள் இடைவெளி விடவே கூடாது. தேர்ந்தெடுத்த விடைகள் ஒரே வரியாகச் சேமிக்கப்படும்போது, அவற்றைப் பிரித்துக்காட்டுவதே அந்த இடைவெளிதான்.

ஜிபிஎஸ் தகரக் கூரைக்குள் தடுமாறும். திறந்த வெளியில் நின்று பதியச் சொல்லுங்கள்.

தரவைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் குறியாக்க வசதி உண்டு. அதைத் திறக்கும் தனிச்சாவி தொலைந்தால் தரவை யாராலும் மீட்க முடியாது, ஆகவே இரண்டு பேரிடம் பிரதி இருக்கட்டும். ஒரே குடும்பம் இருமுறை பதிவானால் கோபோ தானாகக் கண்டுபிடிக்காது. அட்டை எண்ணைப் பார்கோடாக ஸ்கேன் செய்து, எக்செலில் சரிபார்த்த பிறகே விநியோகப் பட்டியலை இறுதிசெய்யுங்கள்.