5 ரூபாயா 100 ரூபாயா: எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் ஒரு திறப்பு விழா

ஆறு வருஷம் கழித்து ஊருக்குப் போய் வந்தோம். கான்பெராவிலிருந்து கிளம்பி, சிட்னி, சிங்கப்பூர் வழியாகத் திருச்சி. 2024-ல் திறந்த புது முனையம் கோபுரச் சாயலில் வண்ணம் வண்ணமாக இருக்கிறது, இறங்கியதுமே மகள் போனை எடுத்துவிட்டாள். சரி, நான் எழுத வந்தது விமான நிலையத்தைப் பற்றி இல்லை.

எங்கள் ஊர் அரசு அருங்காட்சியகத்தில் புதிதாக ஓவியக் கண்காட்சி திறக்கிறார்கள் என்று அண்ணன் சொன்னார். ஊர்ப் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், பின்னால் கொஞ்சம் குறை சொல்லப்போகிறேன், அங்கே நல்லவர்களும் வேலை பார்க்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் வரிசையாக நடத்திக் கூட்டிப்போன நாளில் பார்த்த அதே கட்டடம். பாடம் செய்த முதலை, பாட்டிலுக்குள் இரட்டைத் தலைக் கன்றுக்குட்டி, முற்றத்தில் மழையில் நனையும் கற்சிலைகள், எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பு. அம்மாவுக்கு முட்டி வலி, அதனால் ஒன்பதரைக்கே போய்விட்டோம். கவுண்ட்டரில் இருந்தவர் தலைக்கு 5 ரூபாய்ச் சீட்டைக் கிழிக்கப்போன நேரம் பார்த்து மகள், "டாட், கேன் ஐ டேக் போட்டோஸ்?" என்றாள். அவர் கை நின்றுவிட்டது.

"வெளிநாடா சார்? அப்ப உங்க மூணு பேருக்கும் தலைக்கு 100 ரூபா. அம்மாவுக்கு மட்டும் 5."

வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டையை நீட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது விசா மாதிரிதானே சார்" என்றார். ஓ.சி.ஐ. வைத்திருப்பவர்களுக்கு அருங்காட்சியகம், நினைவுச்சின்னம், தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணமெல்லாம் இந்தியர்களுக்கு உள்ளதேதான் என்று 2021 மார்ச்சில் மத்திய அரசு அறிவிப்பே வந்திருக்கிறது, அதைப் போனில் தேடிக் காட்டினேன், அவர் நம்பவில்லை, எனக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடமே வரிசையில் நின்றது. கடைசியில் காப்பாட்சியர் வந்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார், "சரிதான், கொடுத்துடுங்க" என்றார். இருபது நிமிஷம் போச்சு. வித்தியாசம் 285 ரூபாய், நான் வேலை பார்க்கும் ஊரில் கார் நிறுத்தவே அதற்குமேல் ஆகும். ஆனால் அம்மாவை உள்ளூர்க்காரி என்றும் பிள்ளையை வெளியூர்க்காரன் என்றும் பிரித்துச் சீட்டுக் கிழிப்பதை அம்மா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாரே, அதுதான் தைத்தது. அட்டையோடு அந்த அறிவிப்பையும் ஒரு தாளில் அச்செடுத்துக் கொண்டுபோங்கள், போனில் காட்டினால் எடுபடவில்லை.

சிறப்பு விருந்தினர் வர பதினொன்றேகால் ஆனது. குத்துவிளக்கு, பொன்னாடை, கீச்சிடும் மைக், ஆளாளுக்கு வரவேற்புரை. பேச்சு முடியும் வரை ஓவியத்தின் பக்கம் ஒருத்தரும் போகவில்லை, பிளாஸ்டிக் நாற்காலியெல்லாம் ஓவியங்களுக்கு முதுகைக் காட்டித்தான் போட்டிருந்தது. படிக்கட்டில் அம்மா தயங்கி நின்றதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே இரண்டு ஊழியர்கள் நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். சாய்தளம் இருந்தால் அதற்கும் வேலை இருந்திருக்காது. கழிப்பறைச் சாவி அலுவலகத்தில் இருக்கிறது, கேட்டால் தருகிறார்கள்.

கூடத்தில் ஒரு பக்கம் கவின்கலைக் கல்லூரி மாணவர்களின் நீர்வண்ண ஓவியங்கள், இன்னொரு பக்கம் தஞ்சாவூர் ஓவியங்கள். மாணவர்களுடையதில் பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கும் நாய் ஒன்று எனக்குப் பிடித்தது, மற்றவை சுமார். தஞ்சாவூர் ஓவியங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் தரையில் உட்கார்ந்து செய்தே காட்டினார். பலாமரப் பலகையில் துணியை ஒட்டி, அதன் மேல் சுக்கான் என்கிற சுண்ணாம்புக்கல் மாவைப் பூசித் தேய்த்து, கோடு போட்டு, நகை வரும் இடங்களை மட்டும் புடைப்பாக எழுப்பி, கல் பதித்து, அப்புறம்தான் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு. ரேக்கை ஒட்டும்போது மூச்சை அடக்கச் சொன்னார், பறந்துவிடுமாம். மகளிடம் ஒரு சின்னத் துண்டைக் கொடுத்து, "ஒட்டு தாயி" என்றார். அவளுக்குப் பாதித் தமிழ்தான், அவர் சொன்னது முழுக்கப் புரிந்திருந்தது. 2007-08-லேயே புவிசார் குறியீடு வாங்கிய கலை இது, ஆனால் அதைச் சொல்ல அங்கே ஒரு தாள்கூட ஒட்டவில்லை.

எனக்கு முதலில் ஏமாற்றம்தான். கண்ணாடிச் சட்டம் முழுக்க ட்யூப் லைட் வெளிச்சம், எந்தப் பக்கம் நின்றாலும் என் மூஞ்சிதான் தெரிந்தது, தங்கம் மஞ்சள் பெயின்ட் மாதிரி தட்டையாக இருந்தது. அந்த நேரத்தில் கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் போடுவதற்குள் ஒரு ஐந்து நிமிஷம், பக்கத்து ஜன்னலிலிருந்து மட்டும் வெளிச்சம் சாய்வாக வந்தது, அந்த வெளிச்சத்தில் புடைப்புகள் ஒவ்வொன்றும் நிழல் பிடித்துக்கொள்ள, கிருஷ்ணர் கழுத்து நகை நாம் நகர நகர மினுங்கியது. பெரியவர் சிரித்தார். "இது பூசை ரூம் படம் தம்பி. விளக்கு வெளிச்சத்துக்குச் செஞ்சது." அப்புறம் ஜெனரேட்டர் ஓடி, ட்யூப் லைட் எரிந்து, தங்கம் மறுபடி பெயின்ட் ஆனது. மின்வாரியத்துக்கு முதல் தடவையாக மனசுக்குள் நன்றி சொன்னேன்.

கீழே வெண்கலச் சிலைகளுக்குக் குறிப்பு என்று இருப்பது இவ்வளவுதான்: பெயர், உலோகம், நூற்றாண்டு. எந்தக் கோயில், எந்தக் கொல்லையில் தோண்டக் கிடைத்தது என்று இல்லை. எங்கள் கான்பெரா தேசியக் கலைக்கூடத்தில் 2008-ல் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து ஒரு நடராசரை வாங்கினார்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடப்பட்டது, வாங்கும்போது காட்டிய பத்திரமெல்லாம் போலி என்று பின்னால் தெரிந்து, 2014-ல் ஆஸ்திரேலியப் பிரதமரே டெல்லிக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார். சிலை எங்கிருந்து வந்தது என்ற ஒரு வரிக்கு அவ்வளவு விலை இருக்கிறது. இதைக் காப்பாட்சியரிடம் சொன்னேன். "பதிவேட்டுல எல்லாம் இருக்கு சார், பலகை எழுதத்தான் நிதி வரலை" என்றார். பதிவேட்டைக் காட்டவும் செய்தார், அழகான கையெழுத்து, சில சிலைகளுக்கு வயல் சர்வே எண் வரைக்கும் இருந்தது. அதையே நகலெடுத்துப் பக்கத்தில் ஒட்டினால் போதுமே என்றதற்குத் தலையை ஆட்டிக்கொண்டார்.

கூட்டத்தில் சரியாகப் பார்க்க முடியவில்லை, மறுநாள் நிதானமாக வரலாம், மகளுக்கும் இன்னொரு தடவை ரேக்கு ஒட்ட ஆசை என்று கிளம்பிவிட்டோம். மறுநாள் போனால் கேட்டில் பூட்டு. வெள்ளிக்கிழமை வார விடுமுறை. அழைப்பிதழில் பத்து நாள் கண்காட்சி என்று மட்டும்தான் போட்டிருந்தது. சனிக்கிழமை காலையில் போனோம், அன்றைக்கும் பூட்டு, காவலாளி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு ரெண்டாவது சனி சார். நாளைக்கு ஒன்பதரைக்கு வாங்க, கூட்டமே இருக்காது."

எங்களுக்கு அன்று ராத்திரி விமானம்.