சிங்கிள் பாண்ட் யுனிவர்சல்: ஒட்டுவது பசையா, ஊதும் காற்றா?

சிங்கிள் பாண்ட் யுனிவர்சல் என்பது, பல்லில் அடைக்கும் பொருள் ஒட்டுவதற்காகப் பல் மருத்துவர்கள் தடவும் பசை. இந்த வகைப் பசைக்குப் பாண்டிங் என்று பெயர். பாண்டிங் வாங்கப் போனால் குப்பிக்கு முன்னால் கைக்கு வருவது விளம்பரத் தாள். அதில் பெரிய எழுத்தில் ஒட்டின் பலத்தைச் சொல்லும் ஒரு மெகாபாஸ்கல் எண் இருக்கும். அதை மடித்து வைத்துவிடலாம். பல்லைச் சுமார் ஒரு சதுர மில்லிமீட்டர் குச்சியாக அறுத்து இழுக்கும் மைக்ரோ டென்சைல் சோதனையில் எண் கூடுதலாக வரும். அதே பசையை அகலப் பரப்பில் ஒட்டிப் பக்கவாட்டில் தள்ளும் ஷியர் சோதனையில் குறைந்துவிடும். பரப்பு பெரிதானால் உள்ளே ஓட்டை உடைசலும் அதிகம், முறிவு அங்கிருந்துதான் கிளம்பும். அதனால் இரண்டு கம்பெனித் தாள்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. போதாததற்கு, பல எண்கள் 37 டிகிரி தண்ணீரில் 24 மணி நேரம் ஊறிய மாதிரியில் எடுத்தவை. 5 டிகிரிக்கும் 55 டிகிரிக்கும் மாற்றி மாற்றி முக்கி எடுத்த பிறகு என்ன எண் வந்தது என்று கேளுங்கள். ஆவி பறக்கும் பருத்திப்பாலையும் ஜில்லென்ற ஜிகர்தண்டாவையும் ஒரே நாளில் பார்க்கிற மதுரைப் பல்லுக்கு அந்தக் கணக்குதான் பொருந்தும்.

இனி குப்பிக்கு வருவோம். இதில் வேலை செய்கிற சரக்கு 10-எம்டிபி என்ற அமிலத் தன்மையுள்ள வேதிப்பொருள். பல்லின் வெளி ஓடான எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டினில் உள்ள கால்சியத்தோடு இது ரசாயனமாகவே பிணைகிறது. டென்டினில் ஒட்டு நாள்பட நிற்பதற்கு அது பெரிய காரணம். ஆனால் இந்தப் பசையின் பிஹெச் சுமார் 2.7. எனாமலை ஆழமாக அரிக்க இந்த அமிலம் போதாது. 'செல்ஃப் எட்ச்' (பசை தானே அரித்துக்கொள்ளும்) என்று போட்டிருக்கிறதே என்று நம்பி எனாமலைத் தனியாக அரிக்காமல் விட்டால், நாளடைவில் ஓரத்தில் பழுப்புக் கோடு விழக்கூடும். 1955-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் புவனகோர் காட்டிய பாஸ்பாரிக் அமில வழிக்கு எனாமலில் இன்றும் மாற்று இல்லை. 35 முதல் 37 சதவீத ஜெல்லை எனாமல் ஓரத்தில் மட்டும் 15 முதல் 30 விநாடி வைத்துக் கழுவ வேண்டும். காய்ந்ததும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளையாகத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் மறுபடி எட்ச். ஜெல் டென்டினில் கொஞ்சம் வழிந்தாலும் பதற வேண்டாம், 15 விநாடியைத் தாண்டாமல் கழுவினால் போதும்.

பிறகு பசையை மைக்ரோ பிரஷ்ஷால் 20 விநாடி. தடவுவது அல்ல, அழுத்தித் தேய்ப்பது. அடுத்து 5 விநாடி மெல்லிய காற்று. இந்த இடத்தில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். காற்று பட்டதும் திரவம் அலை அலையாய் நெளியும். நெளிவு நின்று பளபளவென்று ஒரு படலம் அசையாமல் உட்காரும்வரை ஊதவேண்டும். அவசரப்பட்டு, பசையை இறுக்கும் லைட்டை வைத்தால் பசையில் கலந்த எத்தனாலும் தண்ணீரும் உள்ளேயே சிக்கி, படலம் மெத்தென்று நின்றுவிடும். குழியின் மூலையில் தேங்கியதை உலர்ந்த பிரஷ்ஷால் ஒற்றி எடுங்கள். பிறகு 10 விநாடி லைட்.

காற்று நன்றாக இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. காற்றும் தண்ணீரும் அடிக்கும் த்ரீ-வே சிரிஞ்சை வாய்க் கண்ணாடி மேல் ஊதிப் பாருங்கள். பொடிப் பொடியாய் ஈரமோ எண்ணெய்ப் பிசுக்கோ படிந்தால் கம்ப்ரஸர் தண்ணீரை வடித்துப் பல நாளாகிறது என்று பொருள். பாண்டிங் மீது பழி போடுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

வைக்கும் வெப்பம் 2 முதல் 25 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் ராத்திரி ஏசி அணைத்த கிளினிக்கில் அது நடக்காது, ஃபிரிட்ஜ்தான் வழி. எடுத்தவுடன் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். மூடியைத் திறந்தே வைத்தால் எத்தனால் பறந்துவிடும். துளி நூலாக இழுக்க ஆரம்பித்தால் அந்தக் குப்பியை விட்டுவிடுவது நல்லது.

உமிக்கரியும் செங்கல்பொடியும் வைத்துப் பல் தேய்த்தவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்னும் வருகிறார்கள். கழுத்துப் பகுதியில் குழிந்து, மஞ்சளாய், விளக்கடியில் கண்ணாடி போல மினுங்கும் டென்டின். அதன் குழல்கள் தாது அடைத்துக் கிடப்பதால் எந்தப் பாண்டிங்கும் அங்கே தடுமாறும். வைரத்தூள் பதித்த டயமண்ட் பர்ரால் மேல்தோலை லேசாகச் சுரண்டி, எனாமல் ஓரத்தைச் சரித்துவிட்டுத்தான் எட்சிங். எச்சில் படாமல் பல்லைத் தனிப்படுத்தும் ரப்பர் டேம் இல்லாமல் இந்த இடத்தில் கை வைப்பது வீண். ஒட்டைக் கெடுக்க ஈறுநீர் ஒரு துளி போதும்.

வேர் சிகிச்சை முடித்த பல்லில் வேரைக் கழுவிய ஹைப்போகுளோரைட்டின் மிச்சம், பசையில் உள்ள ரெசின் என்ற பிசின் இறுகுவதைக் கெடுக்கும். 10 சதவீத சோடியம் அஸ்கார்பேட் அதைச் சரிக்கட்டும். பல் வெளுப்பு செய்தவருக்கு 2 வாரம் பொறுங்கள்.

குப்பியில் பீங்கானையும் ரெசினையும் இணைக்கும் சிலேன் இருக்கிறது என்பதை நம்பி கண்ணாடிப் பீங்கானுக்குத் தனி சிலேனை விடாதீர்கள். அமிலத்தோடு ஒரே குப்பியில் கிடக்கும் சிலேன் நிலைத்திருக்காது. ஜிர்கோனியா என்ற கடினமான பீங்கானுக்கு எம்டிபி நன்றாகவே உதவும், ஆனால் பாஸ்பாரிக் அமிலத்தால் அதைக் கழுவக்கூடாது. லைட்டிலும் தானாகவும் இறுகும் டூயல் க்யூர் சிமென்ட்டோடு போடுபவர்கள், தங்கள் சிமென்ட்டுக்குத் தனி ஆக்டிவேட்டர் வேண்டுமா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அது இந்தக் குப்பியோடு வராது.