ஒரே மூளை, இரண்டு கணக்கு: இருமுனை அமைப்பா, பொதுச்சுட்டு அமைப்பா?

இரணைமடுக் குளத்தில் இன்றைக்கு எத்தனை அடித் தண்ணீர் என்று மாரி காலத்தில் கிளிநொச்சியில் யாரைக் கேட்டாலும் ஓர் எண்ணைச் சொல்வார்கள்; அது 36ஐ நெருங்கினால் வான்கதவைப் பற்றிய பேச்சும் தொடங்கிவிடும். அந்த எண், ஓரிடத்தைப் பூச்சியம் என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து அளந்தது. ஆனால் துருசு திறந்து வாய்க்கால் வழியே தண்ணீர் வந்தபின் வயலுக்குள் நிற்கும் கமக்காரருக்கு அந்த அடிக்கணக்கால் பயனில்லை. தன் வயல் பக்கத்து வயலைவிட மேடா, பள்ளமா என்பதுதான் அவருக்கு வேண்டியது. வரம்பின் இரு பக்கமும் பார்த்தே அதைச் சொல்லிவிடுவார். மூளையின் மின்செயற்பாட்டைத் தலைக்கு மேலிருந்து பதியும் ஈ.ஈ.ஜி. பரிசோதனையிலும் இந்த இரண்டு வகை அளவைகளே போட்டியிடுகின்றன. வயலுக்கு வயல் பார்ப்பது இருமுனை அமைப்பு. எல்லாவற்றையும் ஒரே பூச்சியத்திலிருந்து அளப்பது பொதுச்சுட்டு அமைப்பு. ஈ.ஈ.ஜி. எடுக்கப் பழக வரும் பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம் இதுவே என்பதால், இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்கிறேன்.

முதலில், பதியப்படுவது எது என்பதைச் சொல்லிவிட வேண்டும். மூளையின் மேற்பட்டையில் வரிசையாக நிமிர்ந்து நிற்கும் கூம்பக நரம்புக்கலங்கள் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் சமிக்ஞை பெறும்போது எழும் சிறு மின்னழுத்தங்களின் கூட்டுத்தொகையே தலைத்தோலில் நமக்குக் கிடைக்கிறது. தனியொரு கலத்தின் துடிப்பு அங்கு வந்து சேர்வதில்லை. ஜேர்மனியின் ஜெனா நகரில் மனநோய் வைத்தியராக இருந்த ஹான்ஸ் பேர்கர் 1924 இல் மனிதரிடம் இதை முதன்முதலாகப் பதிந்து, 1929 இல் வெளியிட்டார். தலையோட்டைக் கடந்து வரும் இந்த அலைகளின் வீச்சம் பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட் அளவில்தான் இருக்கும். இதயத்தின் ஈ.சி.ஜி. ஏறத்தாழ 1 மில்லிவோல்ட், அதாவது 1000 மைக்ரோவோல்ட் என்று நினைத்தால், நாம் எவ்வளவு மெல்லிய ஓசைக்குக் காது கொடுக்கிறோம் என்பது விளங்கும். மீடிறனைக் கொண்டு அலைகளுக்குப் பெயரிடுவர்: செக்கனுக்கு 4 சுற்றுக்குக் குறைந்தது டெல்ட்டா, 4 முதல் 8 வரை தீற்றா, 8 முதல் 13 வரை அல்ஃபா, அதற்கு மேல் பீற்றா.

தலைத்தோலில் ஒட்டும் பதிவு முனைகளான மின்வாய்களை வைக்கும் இடங்களில் சண்டையில்லை. ஹேர்பேட் ஜாஸ்பர் 1958 இல் முன்வைத்த 10–20 முறைப்படி, மூக்கின் வேரிலிருந்து பிடரி மேடு வரை நாடாவால் அளந்து, அந்தத் தூரத்தை 10, 20 சதவீதப் பங்குகளாகப் பிரித்துக் குறியிடுகிறோம். எழுத்து மூளையின் பகுதியைச் சொல்லும்: எஃப் முன்பகுதி, ரி காதையொட்டிய பொட்டுப் பக்கம், ஓ பிடரிப் பக்கம். ஒற்றை எண் இடது, இரட்டை எண் வலது.

சண்டை இதற்குப் பிறகுதான் வருகிறது. இந்த மெல்லிய சமிக்ஞையைப் பெரிதாக்கும் விரியலாக்கிக்கு எப்போதும் இரண்டு உள்ளீடுகள் வேண்டும். அது காட்டுவது இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்த வித்தியாசத்தை மட்டுமே. "ரி4 இல் இவ்வளவு" என்று தனியாக ஒரு பேச்சே கிடையாது. ரி4 இலிருந்து எதைக் கழித்தோம் என்ற கேள்வி உடனே பின்னால் வரும். எந்த மின்வாயை எதனோடு இணைத்துக் கழிப்பது என்ற ஒழுங்குக்கு மொன்டாஜ் என்று பெயர். முதல் உள்ளீடு இரண்டாவதைவிட எதிர்மறையாக இருந்தால் கோடு மேலே எழும் என்பது இத்துறையின் வழக்கம். பாடசாலையில் வரைபு கீறிப் பழகியவருக்கு இது தலைகீழாகத் தெரியும். பழகிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. வலிப்புள்ள ஒருவரின் வலது பொட்டுப் பக்கத்தில் ஸ்பைக் எனப்படும் கூரலை ஒன்று எழுகிறது. அந்தக் கணத்தில் ரி4 இல் மைனஸ் 100 மைக்ரோவோல்ட்; அதன் முன்னால் உள்ள எஃப்8, பின்னால் உள்ள ரி6 இரண்டிலும் மைனஸ் 40; வரிசையின் இரு நுனிகளான, நெற்றியிலுள்ள எஃப்பி2, பிடரியிலுள்ள ஓ2 ஆகியவற்றில் மைனஸ் 10.

இருமுனை அமைப்பில் முன்னிருந்து பின்னாகச் சங்கிலி போலக் கழித்துக்கொண்டு போகிறோம்; ஒவ்வொரு கழித்தலும் பதிவில் ஒரு வரி. எஃப்பி2 இலிருந்து எஃப்8ஐக் கழித்தால் கூட்டல் 30, கோடு இறங்கும். எஃப்8 இலிருந்து ரி4ஐக் கழித்தால் கூட்டல் 60, இன்னும் ஆழமாக இறங்கும். அடுத்து ரி4 இலிருந்து ரி6ஐக் கழித்தால் மைனஸ் 60, கோடு எழும். கடைசியில் ரி6 இலிருந்து ஓ2ஐக் கழித்தால் மைனஸ் 30. மேல்வரி இறங்க, கீழ்வரி எழ, இரண்டும் ஒன்றையொன்று முட்டுவது போல நிற்கும். அவத்தைத் திருப்பம் என்று இதைச் சொல்கிறோம். முட்டும் இரு வரிகளுக்கும் பொதுவான பெயர் ரி4, இடம் பிடிபட்டுவிட்டது. வரம்பில் நின்று பள்ளம் பார்க்கும் கமக்காரரின் வேலைதான் இது.

இப்போது அதே கணத்தை வலது காதுமடலைப் பொதுச்சுட்டாக வைத்துப் பார்ப்போம். காது பொட்டுக்கு அருகில் இருப்பதால் கூரலையின் ஒரு பங்கு அங்கும் பரவும். மைனஸ் 70 என்று கொள்வோம். ரி4 வரியில் வெறும் மைனஸ் 30 தான் கிடைக்கும். ஆனால் ஒன்றுமே பெரிதாக நடக்காத எஃப்பி2 இலும் ஓ2 இலும் கூட்டல் 60! பழக்கமில்லாத கண்ணுக்கு, நெற்றியிலும் பிடரியிலும்தான் கோளாறு என்று படும். பூச்சியக் கல்லே புதைந்துவிட்ட குளத்தில் அளந்த அடிக்கணக்குப் போல, எல்லா எண்ணும் பிழைத்துவிடும். இதையே சுட்டு மாசடைதல் என்கிறோம்.

இவ்வளவையும் சொன்னபின் இருமுனை அமைப்பே மேல் என்று முடித்துவிடலாம் போலிருக்கும். அது அவசரம். பக்கத்துப் பக்கத்து மின்வாய்கள் இரண்டிலும் ஒரே அளவு எதிர்மறை இருந்தால், கழித்தலின் விடை பூச்சியம். பெரிய அலை ஒன்று தட்டைக் கோடாக மறைந்துவிடும். கூரலையின் உச்சம் சங்கிலியின் நுனியில், ஓ2 இல் போய் நின்றால், முட்டுவதற்கு அடுத்த வரி இல்லை, திருப்பமும் தெரியாது. பிள்ளை சில செக்கன்கள் வெறித்துப் பார்த்து நிற்கும் வலிப்பில் வரும், செக்கனுக்கு மூன்று தடவை எழும் கூரலை–மெல்லலைக் கூட்டு, தலை முழுவதும் பரந்தது. அதன் உண்மையான வீச்சத்தையும், இடது வலது சமச்சீரையும் பார்க்கப் பொதுச்சுட்டு அமைப்பே ஏற்றது. இருமுனை அமைப்பில் வீச்சத்தை ஒப்பிடுவது, இரு வயல்களின் வித்தியாசத்தை வைத்துக் குளத்தின் ஆழத்தைச் சொல்வது போன்றது.

எல்லா மின்வாய்களின் சராசரியையும் சுட்டாகக் கொள்ளும் மூன்றாவது வழியும் உண்டு. காதின் தொல்லை இதில் குறையும். ஆனால் கண்ணிமைப்புப் போன்ற பெரிய அலை சராசரியையே இழுத்துவிட, அதன் நிழல் எல்லா வரியிலும் தலைகீழாக விழும்.

வெக்கையையும் கணக்கில் எடுக்க வேண்டும். வன்னியின் சித்திரை வெயிலில் பஸ்ஸில் வந்திறங்கும் ஒருவரின் தலை வியர்த்திருக்கும். வியர்வை, பதிவில் மெதுவாக ஏறி இறங்கும் பெரிய அலைகளை உண்டாக்கும். மின்வாய்ப் பசையோடு கலந்து இரண்டு மின்வாய்களுக்கிடையே உப்புப் பாலமும் போடும். அப்போது இருமுனை வரி தட்டையாகிவிடும். மூளை அடங்கிவிட்டதா, பசை ஒழுகிவிட்டதா என்று கேட்டால் அந்த வரி பதில் சொல்லாது. பொதுச்சுட்டுக்கு மாற்றினால், இரு மின்வாய்களும் அச்சொட்டாக ஒரே அலையைக் காட்டிப் பாலத்தை அம்பலப்படுத்திவிடும். மறுபுறம், எட்டத்திலிருந்து வரும் 50 ஹேர்ட்ஸ் மின்னிரைச்சல் பக்கத்து மின்வாய்களில் ஏறத்தாழ ஒரே அளவில் விழுவதால், பசை சீராக இருக்கும்வரை இருமுனை அமைப்பில் பெரும்பாலும் கழிந்துபோகும்.

இன்றைய இயந்திரங்கள் எல்லா மின்வாய்களையும் ஒரு சுட்டோடு பதிந்து வைத்துக்கொள்வதால், அதே பத்து செக்கன் பக்கத்தைப் பிறகு எந்த அமைப்பிலும் மாற்றிப் பார்க்கலாம். தாளில் பேனை ஓடிய காலத்தில் அந்த வசதி இருக்கவில்லை. ஆகவே எனது ஒழுங்கு இது: முதலில் இருமுனை; சந்தேகம் வந்த இடத்தில் மட்டும் பொதுச்சுட்டு; காது சந்தேகமானால் சராசரி.

முள்ளியவளையிலிருந்து முதல் பஸ்ஸுக்கு வந்த ஒரு தாயும் மகனும் எனக்கு நினைவில் நிற்கிறார்கள். தலைமுழுகி, எண்ணெய் வைக்காமல் வரும்படி துண்டில் எழுதியிருந்தோம். பையனின் தலை மினுங்கியது. "எண்ணெய் வைக்காமல் பிள்ளையை வெளியில கூட்டிக்கொண்டு வாறது எப்பிடித் தம்பி? கொஞ்சமாத்தான் வைச்சனான்" என்றார் அம்மா. தோலுக்கும் மின்வாய்க்கும் இடையிலான தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே நிற்க வேண்டும். ரி4 இல் அது இறங்கவேயில்லை. பஸ்ஸைத் தவறவிடக்கூடாது என்ற அவசரத்தில் தொடங்கினேன். ஏழாவது நிமிடத்தில் ரி4 இல் அழகான அவத்தைத் திருப்பம் ஒன்று விழுந்தது, பழகவந்த பிள்ளை "ஸ்பைக்!" என்று எழுந்தே விட்டாள்.

பொதுச்சுட்டுக்கு மாற்றச் சொன்னேன். ரி4 வரியில் மட்டும் செங்குத்தான ஒரு துள்ளல். எஃப்8 இலும் ரி6 இலும் ஒரு மைக்ரோவோல்ட்கூட அசையவில்லை. மூளையிலிருந்து எழும் கூரலைக்கு அக்கம்பக்கத்தில் சரிவு இருக்கும். தனியே துள்ளுவது மின்வாய். கழற்றி, ஸ்பிரிட் தொட்டு எண்ணெயைத் துடைத்து, புதுப் பசை வைத்து மீண்டும் ஒட்டினேன். பையன் அதற்குள் உறங்கிப்போயிருந்தான். மீதி இருபது நிமிடமும் ரி4 பேசாமல் கிடந்தது.