பிள்ளையைக் காணோம்: இரண்டு படங்கள்

டெனி வில்நவ்வின் ‘பிரிசனர்ஸ்’ (2013) படத்தில் மகளைத் தொலைத்த அப்பா, பென்சில்வேனியாவில் தச்சர். போலீஸ் சந்தேகத்தில் பிடித்து விட்டுவிட்ட இளைஞனைத் தானே அடைத்துவைத்து வதைக்கிறார். வீட்டில் மனைவி மாத்திரையே கதியென்று கிடக்கிறாள். பதைபதைப்பு குறையவே இல்லை. ஆனால் அந்த வதையை இவ்வளவு இழுத்திருக்க வேண்டாம்.

அகிரா குரோசவாவின் ‘ஹை அண்ட் லோ’ (1963) யோகோஹாமாவில் நடக்கிறது. ஷூ கம்பெனி அதிகாரி கோண்டோவின் மகன் என்று நினைத்து டிரைவரின் மகனைத் தூக்கிவிடுகிறார்கள். 3 கோடி யென் கொடுத்தால் கோண்டோ நடுத்தெருவுக்கு வந்துவிடுவார். கொடுக்கச் சொல்லி மனைவி மன்றாடுகிறாள். டிரைவர் காலில் விழாத குறை. கொடுப்பதென்று முடிவானதும், கடத்தியவனைப் போலீஸ் கண்டுபிடிக்க உதவும் தடயக் குப்பிகளைப் பணப்பையில் ஒளித்துத் தைக்க, கோண்டோ தன் பழைய செருப்புத் தைக்கும் கருவிகளைக் கையில் எடுக்கிறார். யார் பிள்ளைக்காக! என் ஓட்டு இதற்குத்தான்.