ரெய்கியா, பிராணிக் ஹீலிங்கா, எங்கட பார்வை பாக்கிறதா?

கனடா லண்டன்ல இருக்கிற பிள்ளையள் ரெய்கி எண்ட, கை வைச்சு சக்தி குடுக்கிறம் எண்டுற முறையைப் படிச்சுப்போட்டு இஞ்ச அம்மாவுக்கு ஃபோன்ல சொல்லீனம், பக்கத்து வீட்டு அக்கா பிராணிக்தான் நல்லம் எண்டுறா, அம்மம்மாவுக்கோ விபூதி போட்டு பார்வை பாத்தாலே காணும். எதுக்குப் போறது? என்ர முடிவ முதலே சொல்லுறன். வருத்தத்த மாத்த எண்டா மூண்டும் சரிவராது. மனசு ஆற, நித்திரை வர, உடம்பு இறுக்கம் விட எண்டா நான் ரெய்கியைத்தான் முதல்ல வைப்பன், அதுவும் ஆள் நேர வந்து கை வைக்கிற ரெய்கி.

ரெய்கி ஜப்பான்ல வந்தது. மிகாவோ உசுய் எண்டவர் 1922ல கியோட்டோவுக்குப் பக்கத்தில குராமா மலையில 21 நாள் விரதம் இருந்து இந்த முறையைக் கண்டவர் எண்டு சொல்லுவினம். அவருக்குப் பிறகு, அவரிட்டப் படிச்ச முன்னாள் கடற்படைக்காரர் ஹயாஷி டோக்கியோவில ஒரு கிளினிக் நடத்தினவர், அங்க வைத்தியத்துக்குப் போன ஹவாய்க்காரி ஹவாயோ தகாதாதான் படிச்சுக்கொண்டு போய் அதை மேற்கு நாடுகளுக்குப் பரப்பினவ. செய்யிற விதம் லேசு. உடுப்போடயே படுக்கலாம், ரெய்கி செய்யிறவை தலை, நெஞ்சு, வயிறு, முதுகு எண்டு ஒவ்வொரு இடத்திலயும் சில நிமிசம் சும்மா கை வைச்சுக்கொண்டு இருப்பினம், அமத்திறதும் இல்லை உருவிறதும் இல்லை, கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் போகும். கனபேருக்கு இடையிலயே நித்திரை வந்திடும். எங்கட ஊரில வயசுபோன ஒரு மனிசியை ஆர் ஒரு மணித்தியாலம் ஆறுதலாத் தொட்டுக்கொண்டு இருக்கினம் சொல்லுங்கோ, எனக்கு ரெய்கியில பெறுமதியாத் தெரியிறது அதுதான்.

பிராணிக் ஹீலிங் பிலிப்பைன்ஸில சோவா கொக் சூய் தொடங்கினது, 1980களில பரவினது. இதில தொடுறதே இல்லை, உடம்புக்கு கொஞ்சம் விலத்திக் கையை அசைச்சு கெட்ட சக்தியை வழிச்செடுத்து உப்புத் தண்ணிச் சட்டிக்குள்ள உதறுவினம். உப்பும் செத்தல் மிளகாயும் சுத்தி நாவூறு கழிக்கிற எங்களுக்கு இது ஒண்டும் புதுசா இருக்காது. தொட்டா கூச்சப்படுற ஆக்களுக்கு இது வசதி, அதை ஒத்துக்கொள்ளுறன். ஆனா உடம்பைச் சுத்தி இருக்கிற சக்தியை கையால உணரலாம் எண்ட கதையை, இதே மாதிரி தொடாமச் செய்யிற தெரபியூட்டிக் டச் எண்ட அமெரிக்க முறையில சோதிச்சுப் பாத்திருக்கினம், செய்தது எமிலி ரோசா எண்ட 9 வயசுப் பிள்ளை. 21 பேரை மறைப்புக்குப் பின்னால ரெண்டு கையையும் நீட்டச் சொல்லி, எந்தக் கைக்கு மேல தன்ர கை இருக்கு எண்டு கேட்டவ, சரியாச் சொன்னது 44 வீதம்தான், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 வரும். 1998ல பெரிய மருத்துவச் சஞ்சிகையில வந்தது.

பார்வை பாக்கிறது எல்லாருக்கும் தெரியும், செம்பில தண்ணி ஓதி, வேப்பிலையால தடவி, விபூதி பூசி, வேணுமெண்டா நூல் கட்டி விடுவினம். வெத்திலையில வைக்கிற காசோட முடிஞ்சிடும், கோர்ஸ் லெவல் ஒண்டும் இல்லை, செய்யிறவருக்கு உங்கட குடும்பத்தையே தெரியும். குறை என்னண்டா ஆரோ செய்வினை செய்துபோட்டினம் எண்டு சிலர் வெருட்டி விடுவினம், பிறகு சொந்தக்காரருக்குள்ள கதை பேச்சு இல்லாமப் போகும். அப்பிடிச் சொல்லுற ஆளிட்ட திரும்பப் போகாதேங்கோ.

காசு விசயத்தில ரெய்கிதான் கவனம். முதலாம் லெவல், ரெண்டாம் லெவல், மாஸ்டர் எண்டு தீட்சை குடுத்துக் குடுத்து கூட்டிக்கொண்டு போவினம், தகாதாவே மாஸ்டர் லெவலுக்கு 10,000 டொலர் வாங்கினவ. ஒருக்காப் படுத்துப் பாக்க உந்த லெவல் ஒண்டும் தேவையில்லை.

எதுக்குப் போனாலும் இன்சுலினையோ பிரஷர் குளிசையையோ நிப்பாட்டாதேங்கோ, தெல்லிப்பளை ஆஸ்பத்திரிக்கு கிளினிக் போறவை ஒரு திகதியும் விடாதேங்கோ. நிப்பாட்டச் சொல்லுற ஹீலர் எண்டா அந்த நேரமே எழும்பி வாங்கோ. மனசு வருத்தம் கடுமை எண்டாலும் அப்பிடித்தான், முதல்ல டொக்டர். மனநல வைத்தியர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற ஆக்கள் மூச்சுப்பயிற்சி, மந்திரம், சாந்தியாசனம் எல்லாத்தையும் இஞ்ச மனநல சிகிச்சையோட சேத்துத்தான் செய்தவை, சிகிச்சையை விட்டுப்போட்டு இல்லை. கத்தோலிக்க ஆக்கள் இன்னொண்டும் யோசிப்பினம், 2009ல அமெரிக்க ஆயர்கள் ரெய்கி கத்தோலிக்க நிறுவனங்களுக்குப் பொருந்தாது எண்டு சொன்னவை, அது உங்கட மனச்சாட்சி, பங்குச் சுவாமியோட கதையுங்கோ.

கடைசியா, வெளிநாட்டுப் பிள்ளையள் காசு கட்டி அம்மாவுக்கு அனுப்புற தூரத்து ரெய்கி. உடம்பெல்லாம் நோகிற ஃபைப்ரோமயால்ஜியா வருத்தக்காரர் 100 பேருக்கு உண்மையான ரெய்கிக்காரரும் நடிக்க வந்த ஆக்களும் கிட்ட இருந்தும் தூர இருந்தும் செய்து பாத்த ஒரு ஆய்வு 2008ல வந்தது, எந்த விதத்திலயும் நோ குறையேல்லை. கிட்ட இருந்து செய்தா அம்மாவுக்கு ஒரு மனிசரின்ர கையாவது கிடைக்கும், தூரத்தில அதுவும் இல்லை. அந்தக் காசுக்கு கிழமையில ரெண்டு நாள் வீட்ட வந்து எண்ணெய் தடவி கால் உருவி விட்டு, இருந்து கதைச்சிட்டுப் போக ஊரிலயே ஒரு அக்காவை ஒழுங்கு செய்து விடுங்கோ.